மெதுவாகப் பேசிய வாரம்

எங்கள் தோட்டத்தில் யாரும் யாரையும் தேடிப்போய்ப் பேசுவதில்லை. நின்ற இடத்திலிருந்தே கூப்பிடுவோம். கூப்பிட்ட குரல் செம்பனை மர வரிசைகளுக்குள் நுழைந்து வேண்டிய ஆளைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒன்பதாங்கட்டைத் தோட்டம் இது. பெயர்ப்பலகையில் ஏதோ இங்கிலீஷ் பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் இங்கே பிறந்தவனே முழிப்பான்.

லயத்து வரிசை வீடுகளில் இப்போது மிச்சமிருப்பது ஏழெட்டுத் தமிழ்க் குடும்பம். மற்ற வீடுகளில் லொம்போக்கிலிருந்து வந்த இந்தோனேசிய ஆட்கள். அந்தப் பெண்கள் பேசினால் ஒட்டி உட்கார்ந்திருப்பவளுக்கே பாதிதான் கேட்கும். வந்த புதிதில், இந்த லயத்தில் நாள் தவறாமல் சண்டை நடக்கிறது, என்றைக்கு வெட்டிக்கொள்ளப் போகிறார்களோ என்று பயந்து மூட்டையைக்கூட அவிழ்க்காமல் வைத்திருந்தார்களாம். இதை எனக்குச் சொன்னவள் கடைசி வீட்டு ஸித்தி. நாங்கள் அப்போது சண்டை எதுவும் போடவில்லை. மீன்காரன் வேனை எங்கே நிறுத்தச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

நான் ரதி. ஆபீஸ் முச்சந்தியில் காலையில் தோசையும் நாசி லெமாக்கும் விற்கிறேன். பத்து மணிக்கு மேல் தேத்தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போவேன். என் தொண்டை பெரிது என்று ஊரெல்லாம் பேச்சு. பக்கத்து வீட்டு வள்ளிநாயகிக்கு முன்னால் நான் ஊமை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அவள் வீட்டில் யார் எத்தனை தோசை தின்றார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அடியேய் லோஷி! சாப்புட வரியா, இல்ல தட்ட நாய்க்கு வச்சிரவா?"

"வை! நாய் பாவம்!"

"நாய் பாவமா? அப்ப நான் யாருடி? காலையில இருந்து அடுப்புல வேவுறேன், நான் பாவம் இல்லையா?"

"நீயும் பாவம்! ரெண்டு பேரும் தின்னுங்க!"

இப்படித்தான் ஒவ்வொரு காலையும் விடியும். லோஷினிக்கு ஐந்து வயது. வள்ளி பெற்ற பிள்ளை இல்லை. வள்ளியின் புருஷன் குணாளன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். அவனுடைய தங்கை புனிதாவின் மகள் இவள். வயிற்றில் இருக்கும்போதே அப்பன்காரன் கம்பி நீட்டிவிட்டான். புனிதா சுங்கை காடுட் பேக்டரியில் வேலை பார்த்து, பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, லீவுக்கு லீவு வந்து போவாள். போன மழைக்காலத்தில் அப்படி வரும்போது லோரிக்காரன் ஒருவன் அவள் மோட்டார் சைக்கிளை அடித்துப் போட்டுவிட்டான்.

பிரேதம் வந்த அன்றைக்கு நடந்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. எவளும் வாய் விட்டு அழாதீங்க" என்று குணாளன் கைகூப்பிக் கேட்டுக்கொண்டான். பிள்ளையை என் வீட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். மேளம் இல்லை. மார் அடித்து அழுவது இல்லை. பொம்பளைகள் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றோம். பேச வேண்டியதை எல்லாம் காதோடு காதாகப் பேசினோம். எங்கள் லயத்தில் சத்தமில்லாமல் போன ஒரே சாவு புனிதாவுடையதுதான். அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பிள்ளையிடம் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னை யார் கேட்டார்கள்?

பிள்ளை சட்டப்படி தங்களிடமே இருக்க வேண்டும் என்று குணாளனும் வள்ளியும் சமூகநல இலாகாவில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதிகாரி ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் என்றார்கள். அதற்குள் வள்ளியின் தொண்டை முந்திக்கொண்டது.

லோஷினிக்குக் காய்ச்சல். தாடிக்காவுக்கு, அதாவது பாலர் பள்ளிக்கு, வர மாட்டாள் என்று ஆசிரியைக்குச் சொல்ல வேண்டும். வள்ளிக்கு எழுத வராது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். கைப்பேசியை வாயருகே வைத்து மலாயில் மரியாதையாக ஆரம்பித்தாள். பாதியில் திரும்பிப் பார்த்தால், காய்ச்சல்காரி தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி நிற்கிறாள்.

"எறங்குடி கழுத! எறங்குறியா, கால ஒடைச்சி அடுப்புல வைக்கவா! அங்கயே நில்லு, நான் வந்தேன்னு வச்சிக்க, தோல உரிச்சிருவேன்!"

பிறகு பிள்ளை வீல் என்று கத்தியது. வள்ளி பிடித்துத் தூக்கியதும் சிரிப்பில் கத்திய கத்தல் அது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுச் சிரித்தேன். அவ்வளவு நேரமும் வள்ளியின் விரல் பொத்தானில் இருந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஆசிரியைக்குப் போய்விட்டது.

அந்த ஆசிரியை கோலா பிலா பக்கத்து மலாய்ப் பெண். பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவதே தாலாட்டுகிற மாதிரி இருக்கும். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவர் காதில் விழுந்தது என்ன? ஒரு பொம்பளை வெறி பிடித்துக் கத்துகிறாள், ஒரு பிள்ளை அலறுகிறது, பிறகு சத்தமே இல்லை. அவர் அழுதே விட்டாராம். நல்ல மனசு. அந்த நல்ல மனசோடு இலாகாவுக்குத் தகவல் கொடுத்துவிட்டார்.

குணாளனுக்கு அழைப்பு வந்தது. புகார் வந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை வருவோம். பிள்ளைக்கு இங்கே பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால், விசாரணை முடியும்வரை சிரம்பானில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டதிலிருந்து குணாளனுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் முனியாண்டி மண்டோர் வந்து வாசலில் உட்கார்ந்தார். வேலை மேற்பார்வை, கோயில் காரியம், அடுத்த வீட்டுப் பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அவர்தான்.

"இங்க பாரு குணா. கவர்மெண்டு ஆளுங்களுக்குச் சத்தம்னா ஆவாது. மெதுவா பேசுறவன் நல்லவன், சத்தமா பேசுறவன் கெட்டவன். அவ்ளோதான்லா அவங்க பாக்குறது. வியாழக்கெழம வரைக்கும் வாயக் கட்டுங்க."

"நான் எங்கண்ணே கத்துறேன்?" என்றாள் வள்ளி. "பேசத்தானே செய்யுறேன்! எம்புள்ளகிட்ட நான் பேசக் கூடாதா?"

கொல்லைப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின.

"இதுதான் தங்கச்சி. இதத்தான் சொல்றேன்."

"அது என் தொண்டைண்ணே. அத எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"வள்ளி" என்றான் குணாளன். "புள்ளய தூக்கிட்டுப் போயிடுவாங்க. புனிதாவும் இல்ல, இவளும் இல்லன்னா நான் எதுக்குடி?"

மறுநாள் முதல் அந்த வீட்டில் சத்தம் நின்றது. மண்டோர் உத்தரவில் லயம் முழுக்கவே அடங்கியது. கோயில் ஸ்பீக்கரை அணைத்தார்கள். நான்கூட என் தோசைக்கல்லிடம் மெதுவாகத்தான் பேசினேன்.

வள்ளி ஸித்தியிடம் போய்ப் பாடம் கேட்டாள். ஸித்தி வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். மூச்சை முழுசாக இழுக்காதே, வாயைக் கொஞ்சமாகத் திற, கடைசிச் சொல்லை இறக்கி விடு. ஸித்தி அப்படிப் பேசினால் தென்றல் மாதிரி இருந்தது. வள்ளி பேசினால் திருட்டுக்கு ஆள் சேர்க்கிற மாதிரி இருந்தது. எங்களுக்கு நடுவாந்தரமாக ஒரு குரல் கிடையாது, அதுதான் சங்கதி. ஒன்று கூப்பாடு, இல்லாவிட்டால் குசுகுசு. கெட்ட சேதி சொல்லும்போதும் ஆஸ்பத்திரி வாசலிலும் மட்டும் நாங்கள் குசுகுசு என்று பேசுவோம்.

"லோஷி, சாப்பிட வாம்மா" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். பதில் வராது. கொஞ்ச நேரத்தில் தட்டின் ஓசை மட்டும் வரும்.

பிள்ளை அடங்கிவிட்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்களை எதால் அடிப்பது? தொட்டி மேல் ஏறவில்லை. எதிர்த்துப் பேசவில்லை. வள்ளியின் துணியைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் போனாள். குணாளன் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா மேல எவ்ளோ பாசம் பாருங்க ரதிக்கா" என்று வள்ளி என்னிடம் குசுகுசுத்தாள். நானும் ஆமாம் போட்டேன்.

புதன்கிழமை காட்டில் ஒரு கண்டம் தப்பியது. வெயில் மண்டையைப் பிளந்தது. வள்ளிக்கு உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. சன்னாசி நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டிக்கொண்டிருந்தான். இழுப்பதற்கு முன்னால் வெட்டுகிறவன் குரல் கொடுக்க வேண்டும், கீழே இருக்கிறவர்கள் பதில் குரல் கொடுக்க வேண்டும். பதில் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். நான் தேத்தண்ணீர்ப் பாத்திரத்தோடு வரிசைக்குள் நுழைந்துகொண்டிருந்தேன்.

"ஓய்! கீழ யாரு?" என்றான் சன்னாசி.

வள்ளி அதே மரத்துக்கு மறுபக்கம் குனிந்திருந்தாள். "இருக்கேன்" என்றாள். ஸித்தி சொல்லிக்கொடுத்த மாதிரி, கடைசிச் சொல்லை இறக்கி.

மட்டை முறிகிற ஓசை கேட்டது. நான் போட்ட கூச்சலில் வள்ளி நிமிர்ந்து பின்னால் சாய்ந்தாள். முள் மட்டையும் குலையும் அவள் குனிந்திருந்த இடத்தில் விழுந்து மண் தெறித்தது. சன்னாசி கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? செத்துத் தொலையப் பாத்தியேக்கா! கத்த வேண்டிய எடத்துல கத்த மாட்டியா?"

"பழகிக்கிறேன்டா" என்றாள் வள்ளி. முகத்தில் மண். "நாளைக்கு வராங்கல்ல. காட்டுல கத்துனா வாய் மறந்து வீட்டுலயும் கத்திரும். அதான்."

தலை போனாலும் பிள்ளை போகக் கூடாது என்று இருந்தாள் அவள். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி பழம் பொறுக்கக் குனிந்தாள்.

வியாழக்கிழமை வெள்ளைக் கார் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் அதிகாரி, புவான் சல்மா, அதாவது சல்மா அம்மா. நாற்பதைத் தாண்டியவர், களைத்த முகம். அவர் பேசினால் நாம்தான் காதைக் கொண்டுபோக வேண்டும். கூட வந்தவர் ஆலோசகர் குமுதினி. சிரம்பான் சிலோன்காரக் குடும்பத்துப் பெண். நம் தமிழ்தான், ஆனால் அவர்கள் பேச்சில் ஒரு இழுவை இருக்கும், குரல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்தில் எங்கள் அப்பா அம்மா ரப்பர் பால் வெட்டிய தோட்டங்களில் கிராணி என்கிற கணக்கர் வேலை பார்த்தவர்களின் வாரிசுகள். எங்கள் சத்தம் அவர்களுக்கு அப்போதிருந்தே ஆகாது.

இரண்டு பேரும் லயத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். பிள்ளைகள் வெளியே இல்லை. ரேடியோ இல்லை. நாயைக்கூடக் கட்டிப்போட்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்ட லயம் இப்படியா இருக்கும்? முனியாண்டி மண்டோர் முன்னால் போய்க் குனிந்து, "இங்க சத்தமே கெடையாது புவான். எப்பவும் இப்படித்தான்" என்று மலாயில் ரகசியம் மாதிரி சொன்னார்.

வள்ளி வீட்டைக் கழுவி வைத்திருந்தாள். புவான் ஹலால் பார்ப்பார், நம் வீட்டில் சமைத்ததைச் சாப்பிட யோசிப்பார் என்று லிங்கி கடைத்தெருவில் மலாய் அம்மா கடையில் குவே பலகாரம் வாங்கி, பெட்டிப் பானமும் வாங்கி அடுக்கியிருந்தாள். உட்கார்ந்தார்கள். கேள்வி வந்தது. பதில் சொன்னாள். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் புவான் சல்மா. மறுபடி சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. வள்ளியின் கழுத்து நரம்பு புடைத்தது. சத்தத்தை உள்ளே பிடித்துவைக்க அவள் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்ததோ.

லோஷினி வள்ளியின் பின்னால் ஒளிந்து நின்றாள்.

"லோஷி, புவானுக்கு வணக்கம் சொல்லும்மா" என்று குணாளன் குனிந்து அவள் காதில் சொன்னான்.

பிள்ளை வெடவெடவென்று நடுங்கினாள். புவான் சல்மா பார்த்தார். குமுதினி பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பசிக்குதா கண்ணு?" என்று வள்ளி குசுகுசுத்தாள். பிள்ளை அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமுதினி எழுந்து சமையலறைப் பக்கம் வந்தார். நான் பானம் எடுக்கிற சாக்கில் அங்கே நின்றிருந்தேன்.

"அக்கா, நீங்கள் பக்கத்து வீடுதானே? மறைக்காமல் சொல்லுங்கோ. இந்த வீட்டில எப்பவும் இப்பிடித்தான் கதைக்கிறவையோ?"

"ஆமாம்மா" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "அமைதியான குடும்பம். அதிர்ந்து பேச மாட்டாங்க."

நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன். அவர் முகம் இருண்டுபோனது.

"எங்கட அப்பாவும் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை அக்கா. ஊரில எல்லாரும் சிவசிதம்பரம் மாஸ்டர் எவ்வளவு தன்மையானவர் எண்டு சொல்லுவினம். அவர் குரலை இறக்கினாரெண்டால் நாங்கள் நாலு பேரும் கட்டிலுக்குக் கீழ. எனக்கு இந்தப் பயம் தெரியும். இந்தப் பிள்ளையிட கண்ணில இருக்கிறது அதுதான்."

சத்தம் போடுகிறார்கள் என்று பிள்ளையைக் கொண்டுபோக வந்தவர்கள், மெதுவாகப் பேசுகிறார்கள் என்று கொண்டுபோகப் போகிறார்கள். இப்போது மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

குமுதினி போய் புவான் சல்மாவிடம் ஏதோ சொன்னார். புவான் சல்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு குணாளனிடம் சொன்னார். அவனுக்குக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றைக்குப் பிள்ளை எங்களோடு வரட்டும், கொஞ்ச காலம்தான், விசாரணை முடியட்டும்.

குணாளன் கையைப் பிசைந்தபடி நின்றான். கத்தினால் கெட்டவன் ஆகிவிடுவான். அழுதால் சத்தம் வந்துவிடும். வள்ளி எழுந்து உள்ளே போய்ப் பிள்ளையின் துணிகளை ஒரு பையில் வைத்தாள். வைத்த சட்டையையே எடுத்து மறுபடி மடித்தாள். என்னிடம் பையை நீட்டினாள். "நீங்க கொண்டுபோய்க் குடுங்கக்கா. நான் வந்தா கத்திருவேன்" என்றாள், காதோடு.

குமுதினி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். நான் பையோடு பின்னால். லயத்து வாசல்களில் எல்லாரும் நின்றார்கள். கார் கதவைத் திறந்தபோது லோஷினி அண்ணாந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அக்கா, இப்ப யாரு வர மாட்டாங்க?"

குமுதினி குனிந்தார். "என்ன கேக்கிறீங்கள் பிள்ளை?"

"எல்லாரும் மெதுவா பேசுறாங்க. அன்னிக்கும் இப்படித்தான் பேசுனாங்க. அப்புறம் அம்மா வரவே இல்ல. இப்ப யாரு? அத்தையா? மாமாவா?"

குமுதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது என் தொண்டையை உடைத்துக்கொண்டு வந்தது.

"பொய் சொன்னேன்மா! இவங்க அமைதியான குடும்பமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நாள் பூரா கத்துவாங்க! இந்தப் புள்ளயும் கத்தும், நானும் கத்துவேன்! நீங்க வரீங்கன்னுதான் வாயப் பொத்திக்கிட்டிருந்தோம்! இது அம்மா செத்தன்னிக்குத்தான்..." பிள்ளை இருப்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீட்டுப் பக்கம் திரும்பினேன். "ஏய் வள்ளி! வாயத் தொறடி! புள்ள நம்ம குசுகுசுக்குத்தாண்டி பயப்புடுது!"

வள்ளி வாசலுக்கு வந்தாள். புவான் சல்மாவைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். உதடு திறந்தது, காற்றுதான் வந்தது.

"கதையுங்கோ அக்கா" என்றார் குமுதினி. அவர் குரல் வாசல் வரைக்கும் போகவில்லை. நான்தான் கத்தினேன். "பேசச் சொல்றாங்கடி!"

வள்ளி மூச்சை இழுத்தாள்.

"அடியேய் லோஷி! யாருடி போறது? யாரும் எங்கயும் போவலடி கழுத! நானும் இருக்கேன், ஒன் மாமனும் இருக்கான்! இங்க வாடி!"

புவான் சல்மா திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டினார். கட்டிப்போட்ட நாய் குரைத்தது. பிள்ளை குமுதினியின் கையை உதறிவிட்டு ஓடினாள். அடிக்கிறவளிடம் எந்தப் பிள்ளையாவது அப்படி ஓடுமா? பாதி வழியில் நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வள்ளிக்குச் சமமாகக் கத்தினாள்.

"அப்ப அம்மா?"

லயமே கேட்டது. குணாளன் வள்ளியின் தோளைப் பிடித்தான். "வேணாம் வள்ளி, இப்ப வேணாம்" என்று குசுகுசுத்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மா செத்துப்போச்சுடி கண்ணு! மோட்டார்ல வரப்ப லோரி அடிச்சு செத்துப்போச்சு! ஒன்னப் பாக்கத்தாண்டி வந்துச்சு! சிங்கப்பூருக்குப் போவல, நாங்க பொய் சொன்னோம்! அம்மா மட்டுந்தாண்டி செத்துச்சு! வேற யாரும் சாவலடி, சத்தியமா யாரும் சாவல!"

பிள்ளை அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக நடந்து போய் வள்ளியின் வயிற்றில் முகத்தை வைத்து, ஒரு கத்துக் கத்தி அழுதாள். வள்ளி அவளை அள்ளிக்கொண்டு தரையில் விழுந்தாள். "என் புனிதா! என் நாத்தனா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். குணாளன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "தங்கச்சி, தங்கச்சி" என்று பெருங்குரலில் அழுதான். ஒவ்வொரு வாசலிலிருந்தும் பொம்பளைகள் தலையை விரித்துக்கொண்டு வந்தார்கள். புனிதாவுக்கு அன்றைக்கு நாங்கள் அழாத அழுகை எல்லாம் அந்த வாசலில் கொட்டியது. ஸித்தி ஓரமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள், அவள் வழக்கப்படி.

புவான் சல்மா குமுதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆயிற்று, யாருக்கு என்ன என்று கேட்டார். குமுதினி எல்லாவற்றையும் மலாயில் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் நிறைந்திருந்தது. புவான் சல்மா கேட்டு முடித்துவிட்டு, வள்ளியின் மடியில் சுருண்டு கிடந்த பிள்ளையையே வெகுநேரம் பார்த்தார். பிள்ளையின் இரண்டு கையும் வள்ளியின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தன. பிறகு கிட்டே போய்க் குனிந்து, தன் வழக்கமான குரலில் ஏதோ சொன்னார்.

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? வள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆ? என்னா?" என்று கத்தினாள்.

புவான் சல்மா கொஞ்சம் குரலை உயர்த்தினார். கேட்கவில்லை. "என்னா புவான்? கேக்கலலா!" என்றான் குணாளன், அழுகையோடு.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். வாயின் இரண்டு பக்கமும் கையை வைத்து, பழக்கமில்லாத தொண்டை கிறீச்சிட, லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி மலாயில் கத்தினார்.

"பிள்ளை இங்கேயே இருக்கட்டும்! இங்கேயே!"